முறுக்கு வாசனையும் ஒரு ஜோடி வளையலும்

கோடியப்பரைப் போல ஒரு வீட்டுக்காரர் உங்களுக்கு வாய்க்காமல் இருக்க வேண்டும். ஏற்கெனவே வாய்த்தவர்களுக்கு இந்தக் கதையை நான் விளக்கவே வேண்டாம்.

வேட்டரையன் என்ற ராஜா ஆண்ட கொன்றையூரில் கோடியப்பருக்கு ஒரு வாடகை வீடு இருந்தது. முறுக்கு சுட்டு விற்கும் செங்கமலம் அதில் நாலு வருஷம் குடியிருந்தாள். குடிவந்தபோது முன்பணத்துக்குப் பதிலாக ஒரு ஜோடி தங்க வளையலை அவரிடம் கொடுத்து வைத்தாள். இப்போது மகள் வஞ்சிக்குக் கல்யாணம் கூடி வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை முகூர்த்தம். அதன்பின் செங்கமலமும் மகளோடு மாப்பிள்ளையின் ஊருக்கே போகிறாள். பெண்ணுக்குப் போட அந்த வளையலை விட்டால் வீட்டில் குண்டுமணித் தங்கம் கிடையாது.

மூன்று நாள் வீட்டைத் தேய்த்தாள். அடுப்படிக் கரியைச் சுரண்டினாள், சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தாள், தரையை மெழுகினாள், ஆணி ஓட்டையைக்கூட அடைத்துவிட்டுச் சாவியை நீட்டினாள்.

கோடியப்பர் மூலைமூலையாகத் தடவிப் பார்த்தார். விரலில் ஒரு தூசி ஒட்டவில்லை. மனிதருக்கு வயிறு எரிந்தது. கடைசியில் அடுப்படியில் நின்று மூக்கை உறிஞ்சினார்.

"முறுக்கு வாசனை வருதே!"

"நாலு வருஷம் முறுக்கு சுட்ட இடம், ஐயா. பின்னே மல்லிகை வாசனையா வரும்?"

"குடிவந்தப்போ நீ கைநாட்டு வெச்ச வாடகை ஓலையில என்ன எழுதியிருக்கு? 'காலி பண்ணும்போது குடியிருந்த அடையாளம் எங்கும் இருக்கக் கூடாது.' வாசனையும் அடையாளந்தான். வளையல் கிடையாது, போ!"

செங்கமலம் அழுதுகொண்டே சபைக்கு ஓடினாள். ராஜா ஓலையைப் படித்தார். அவருக்கும் மனசு கேட்கவில்லை, ஆனால் கீழே அவளுடைய கைநாட்டு இருந்ததே!

"என்ன செய்வேன் அம்மா? எழுதியது எழுதியதுதான்."

சபையில் இருந்த தாண்டவன் எழுந்தான். வாய் சும்மா இருக்காத ஆள். "மகாராஜா, எழுதியபடி ஒரு எழுத்து விடாமல் நடக்கணுமா?"

"ஆமாம்."

"சுத்தம் செய்யற வேலையை நான் ஏத்துக்கறேன். காலையில தாங்களும் வந்து பாருங்க."

மறுநாள் காலை தாண்டவன் விளக்குமாறும் வாளியும் கடப்பாரையுமாகக் கிளம்பினான். ராஜாவும் கூடவே வந்தார். போனது செங்கமலம் இருந்த வீட்டுக்கு அல்ல, கோடியப்பர் குடியிருக்கும் வீட்டுக்கு.

கோடியப்பர் பதறி ஓடி வந்தார். "வாடகை வீடு அடுத்த தெரு!"

"அங்கே அந்தம்மா முடிச்சாச்சு. 'எங்கும்' இருக்கக் கூடாதுன்னு எழுதியது யார்?"

"நான்தான்."

"அப்போ காதைக் காட்டும். அந்தக் கடுக்கன் செங்கமலம் கொடுத்த வாடகையில் செய்ததுன்னு தெருவெல்லாம் சொல்லித் திரிஞ்சீரே! அவள் குடியிருந்த அடையாளம் அது. கழற்றும்!"

கோடியப்பர் ராஜாவைப் பார்த்தார். ராஜா முகத்தை இறுக்கிக்கொண்டு, "எழுதியது எழுதியதுதான்" என்றார். கடுக்கன் வாளிக்குள் விழுந்தது.

"இந்த மாடியும் அந்த வாடகையில் எழும்பினதுதானே?" தாண்டவன் கடப்பாரையைத் தூக்கினான்.

"ஐயோ, வேண்டாம்!" கோடியப்பர் படியில் குறுக்கே விழுந்தார்.

"சரி, மாடி இருக்கட்டும். அதைவிடப் பெரிய அடையாளம் ஒண்ணு பாக்கி." தாண்டவன் அவரைச் சுற்றி ஒரு நடை நடந்தான். "குடிவந்த நாளிலிருந்து தினமும் சாயங்காலம் ஓசியில் ஒரு தட்டு முறுக்கு வாங்கித் தின்னீரா இல்லையா?"

"தின்னேன்..."

தாண்டவன் விளக்குமாற்றுக் கட்டையால் அவர் தொந்தியை மெல்லத் தட்டினான். "மகாராஜா, நாலு வருஷ அடையாளம் மொத்தமும் இங்கே இருக்கு. சுவரா இருந்தா சுரண்டிடுவேன். இதை எப்படிச் சுரண்டறது? தாங்களே சொல்லுங்க!"

ராஜா சிரித்த சிரிப்பில் தலைப்பாகை கழன்று வாளிக்குள் விழுந்தது. அவர் அதை எடுத்து உதறுவதற்குள், கோடியப்பர் உள்ளே ஓடி இரண்டு வளையல்களோடு திரும்பியிருந்தார். தாண்டவனுக்கு ராஜா பொற்காசுப் பை கொடுத்தார். செங்கமலம் ஒரு கூடை முறுக்கு கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை வஞ்சி கையில் வளையல் ஏறியது. பந்தியில் முதல் ஆளாகக் கோடியப்பர் உட்கார்ந்திருந்தார். எதிர் இலையில் தாண்டவனைக் கண்டதும், தொந்தியைத் துண்டால் மூடிக்கொண்டு முறுக்கைக் கடித்தார்.