போண்டா எழுத்து

மெஹருன்னிசா கணினிக்கு எழுத்துரு வரைகிறவர். அவரிடம் பாடம் கேட்டுவந்த அதிசயராஜ் அவரைவிட இருபது வயது மூத்தவர். மாணவர் 'டீச்சர்' என்பார், குரு 'அண்ணாச்சி' என்பார். இரண்டு பேருக்கும் இதில் சங்கடம் இருந்ததில்லை.

ஏழு மாதம் உழைத்து அதிசயராஜ் தன் முதல் எழுத்துருவை முடித்தார். தடித்த எழுத்து. முனை ஒவ்வொன்றும் உருண்டிருக்கும். ஊரில் ஒரு கண் ஆஸ்பத்திரியின் பலகைகளுக்கென்று வரைந்தது. பெரிய டாக்டர் பார்த்துச் சிரித்தார்.

"போண்டா மாதிரி இருக்கே."

டாக்டர் சிரித்தால் நர்ஸுகளும் சிரிக்கத்தானே வேண்டும்? சிரித்தார்கள். அன்று அதிசயராஜுக்குச் சோறு இறங்கவில்லை.

"மெலிய வச்சிரட்டுமா டீச்சர்? இல்லேன்னா வேலை வேற ஆளுக்குப் போயிரும்."

"மெலிய வச்சா அது உங்க எழுத்து இல்ல அண்ணாச்சி. வாங்க, அங்கயே போவோம்."

மருந்து தரும் சன்னலுக்கு மேலே மெஹருன்னிசா இரண்டு தாள்களை ஒட்டினார். இரண்டிலும் 'மருந்து' என்ற ஒரே சொல், ஒரே உயரம். ஒன்று மெல்லிய எழுத்து, மற்றது போண்டா. டாக்டரும் வந்து நின்றார்.

வராந்தாவின் மறுகோடியில், அன்று காலையில்தான் கண்கட்டு அவிழ்த்த லாரி டிரைவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

"அங்க என்ன எழுதியிருக்கு, தெரியுதா?" என்று மெஹருன்னிசா கேட்டார்.

"ஒரு தாள்ல ஏதோ கீறியிருக்கு. இன்னொண்ணுல மருந்துன்னு போட்டிருக்கு." சொல்லிவிட்டு அவரே எழுந்து சன்னலை நோக்கி நடந்தார்.

டாக்டர் சிரிக்கவில்லை. "எல்லாப் பலகைக்கும் இதையே போடுங்க" என்றார்.

அதிசயராஜுக்குத் தலைகால் புரியவில்லை. "மருந்துச் சீட்டையும் இதுலயே அடிச்சிரலாம் டாக்டர்" என்றார். கையோடு ஒரு சீட்டை அச்சடித்து டிரைவரிடம் நீட்டினார். மெஹருன்னிசா தடுக்கவில்லை.

டிரைவர் சீட்டைக் கிட்டே வைத்துப் பார்த்தார். தள்ளி வைத்துப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"டாக்டரய்யா, கண்ணு மறுபடியும் போயிருச்சா?"

அதிசயராஜ் சீட்டை வாங்கிப் பார்த்தார். பொடி அளவில் சுழிகளெல்லாம் அடைபட்டு வரிக்கு வரி கறுப்பாகக் கிடந்தது.

"உங்க கண்ணு நல்லாத்தான் இருக்குய்யா. தப்பு என்னுது."

மெல்லிய எழுத்தில் அடித்த பழைய சீட்டைக் கொடுத்தார்கள். "ரெண்டு சொட்டு, நாலு வேளை" என்று டிரைவர் தடுமாறாமல் படித்தார். அதற்குப் பிறகுதான் அங்கிருந்தவர்களுக்கு மூச்சு வந்தது.

படியிறங்கும்போது அதிசயராஜ் கேட்டார்.

"ஒரே எழுத்துதான டீச்சர்? எங்க தப்பாப் போச்சு?"

"தூரத்துல இருந்தவரை உங்க எழுத்து கூப்பிட்டுச்சு, வந்துட்டாரு. வந்தவரு காதுக்குள்ள எதுக்குக் கத்துனீங்க, அண்ணாச்சி?"