கள்ளுக் கலயத்துக்குள்ள இருந்து கண்ட குத்தம்

செம்மணல் தேரிக்காட்டு மிருகங்களுக்கு அன்னைக்கு அசனம். எல்லாரும் ஒரே பந்தியில உக்காந்து சாப்பிடுற கோயில் விருந்து! கறி கிடையாது, ஏன்னா ஆடும் பந்தியில உக்காரும். சோறு, பனங்கிழங்கு, கடைசியா கருப்பட்டிப் பாயசம்.

அந்தப் பாயசத்துக்காகவே வருசம் பூரா நாக்கத் தொங்கப் போட்டுட்டுக் கெடந்தான் நரி அருளப்பன். கோயில் மணி அடிக்கிறவன் அவந்தான், அவன் சொன்னாத்தான் பந்தியில எல தொறக்கும்.

ஆனா பாவி, முந்தின நாள் சாயங்காலம் பனைமரத்துல இருந்து விழுந்த கள்ளுக் கலயத்தப் பாத்துட்டான். "உள்ள என்ன இருக்குன்னு பாக்குறது ஒரு தப்பா?"ன்னு தலைய விட்டான். அடி மண்டி வரைக்கும் நக்கினான். அப்படியே தூங்கிட்டான்.

காலையில எந்திரிச்சா, கலயம் தலையோட இறுகிக் கெடக்கு. போதையில அது அவனுக்கு உறைக்கவே இல்ல! கலயத்துல புளியங்கொட்ட அளவுக்கு ஒரு ஓட்டை. அது வழியா உலகத்தப் பாத்துக்கிட்டே கோயிலுக்கு நடந்தான்.

அங்க ஒரு வழக்கம் உண்டு. பந்திக்கு முன்னால ஒவ்வொருத்தரும் தனியா குளத்துக்குப் போவாங்க. தண்ணியில சொந்த மூஞ்சியப் பாத்து, "ஆண்டவரே, என் அழுக்க எனக்குக் காட்டும்"னு சொல்லிக் கழுவிட்டு வருவாங்க.

"நிறுத்துங்கவே!"ன்னான் அருளப்பன். கலயத்துக்குள்ள குரல் கும்முன்னு முழங்கிச்சு. 'அடேயப்பா, ஆண்டவர் எனக்குப் பிரசங்கியார் குரலக் குடுத்துட்டாரே!'ன்னு அவனுக்குப் புல்லரிச்சிப் போச்சு. "இந்த வருசம் குளம் வேண்டாம். உங்க அழுக்க நானே பாத்துச் சொல்லுதேன். வரிசையா வாங்க!"

மொதல்ல வந்தது கழுதை ராகேல். ஓட்டைக்குள்ள ஒரு கால் மட்டுந்தான் தெரிஞ்சுது.

"மைனி! அசனத்துக்கு ஒத்தக் கால்லயா வருவாக? மிச்ச மூணையும் எங்க தொலச்சிய?"

"நாலும் இங்கதான இருக்கு, கொழுந்தனாரே!"

"பொய் வேற! அம்மாடி, என்னா கள்ளு நாத்தம்! வெளிய போங்க!"

அடுத்து மயிலு வில்சன். "ஏல, தலைய வீட்டுல வச்சிட்டு வெறும் வாலு மட்டும் வந்திருக்கு, பவுசப் பாரு! நீயும் குடிச்சிருக்க. வெளிய!"

ஆடு வந்துச்சு. "இது என்னவே, தாடி மட்டும் தனியா நடந்து வருது? இதுவும் கள்ளு நாறுது. வெளிய!"

முயலு தங்கராசு கிட்ட வந்து மெதுவாச் சொன்னான். "அண்ணாச்சி, உங்க தலையில..."

"என் தலையில என்னல, கிரீடமா? உன் தலையப் பாருல! ஒத்தக் காது! ஓடு வெளிய!"

கடைசியில பந்தியில மிஞ்சினது அருளப்பன் ஒருத்தன். 'இந்தக் காட்டுல யோக்கியன் நான் ஒருத்தந்தானா!'ன்னு கண்ணு கலங்கிப் போச்சு. கலங்கினாலும் பாயச வாளிய இழுத்தான். ஆசையாக் குனிஞ்சு நாக்க நீட்டினான்.

டொக்!

"எவம்ல பாயசத்துக்கு முன்னால செவரு கட்டுனது?"

வாளியச் சுத்திச் சுத்தி வந்தான். எந்தப் பக்கம் போனாலும் டொக்! டொக்! கத்திக் கத்தித் தொண்டை வறண்டு போச்சு. தண்ணியாவது குடிப்போம்னு குளத்துக்குப் போனான். ஓட்டைய அங்கிட்டும் இங்கிட்டும் திருப்பி எட்டிப் பாத்தா, தண்ணிக்குள்ள நாலு காலோட ஒரு கள்ளுக் கலயம் நிக்கி!

"ஏ கலயத்தலையா! அசன நாளும் அதுவுமா இந்தக் கோலத்துல வந்து நிக்கிறியே, வெக்கமா இல்ல?"

அவன் கால ஆட்டினான், அதுவும் ஆட்டிச்சு. வால ஆட்டினான், அதுவும் ஆட்டிச்சு.

அருளப்பன் அப்படியே உக்காந்துட்டான். "ஐயோ ஆண்டவரே, அது நானா?"

ரெண்டு முன்னங்காலாலயும் இழுத்தான். கலயம் வரல. வெளிய தள்ளுன ஆளுங்களத்தான் இப்பக் கூப்பிடணும். இல்லன்னா இப்படியே பட்டினி கெடந்து சாகணும்! வெக்கத்த முழுங்கிட்டுக் கத்தினான். "மைனி! குடிச்சது நாந்தான்! கலயம் என் தலையில இருக்கு! வந்து காப்பாத்துங்க!"

எல்லாரும் ஓடி வந்தாங்க.

"அசையாம நில்லும்"னா ராகேல். திரும்பி நின்னு விட்டா ஒரு உதை. கலயம் சில்லுச் சில்லாத் தெறிச்சுது. கள்ளு வடியிற மூஞ்சியோட அருளப்பன் நின்னான்.

வில்சன் சிரிக்க வாயத் தொறந்தான். ராகேல் ஒரு பார்வை பாத்தா. அவன் வாய மூடிட்டு, தண்ணியில தன் மூஞ்சியப் பாக்கக் குனிஞ்சிட்டான்.

"மைனி, உங்களுக்கு நாலு காலா?"ன்னு ஈனக் குரல்ல கேட்டான் அருளப்பன்.

"பொறந்ததுல இருந்தே நாலுதான். மூஞ்சியக் கழுவிட்டு வாரும், பாயசம் ஆறிப்போவுது!"

அடுத்தவன் மூஞ்சியில குத்தம் தேடப் போறதுக்கு முன்னால, நம்ம மூஞ்சிய நாம ஆண்டவர் முன்னால ஒரு தடவ பாத்துக்கிடணும்.