வேம்பாயி கேட்ட சக்கை

முன்னொரு காலத்தில் கன்னல்நாட்டை வீரகேது என்ற அரசர் ஆண்டுவந்தார். நல்லவர்தான். ஆனால் காலையில் போட்ட ஆணையை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மாற்றிவிடுவார். அதனால் அந்த நாட்டு மக்கள் எந்த ஆணையையும் சாயங்காலம் வரை பொறுத்திருந்துதான் நிறைவேற்றுவார்கள்.

ஒரு நாள் கப்பலில் வந்த வணிகர்கள் அந்த நாட்டு வெல்லத்தைச் சுவைத்துவிட்டு, "இரண்டு மடங்கு கொடுத்தாலும் ஏற்றிக்கொள்வோம்" என்றார்கள். அரசருக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த வருஷம் வெல்லம் இரண்டு மடங்கு என்று ஆணை போட்டார். சாயங்காலமும் அதை மாற்றவில்லை.

வன அதிகாரி சூரப்பர் உடனே எழுந்தார். "பாகு காய்ச்ச விறகு வேண்டும், மகாராஜா. தும்பைமலைக் காட்டை மொத்தமாக வெட்ட உத்தரவு கொடுங்கள். வெல்லத்தை மலைபோல் குவிக்கிறேன்."

அரண்மனைக்கு வெல்லம் கொண்டுவந்திருந்த வேம்பாயி சபையின் ஓரத்தில் நின்றிருந்தாள். தும்பைமலை அடிவாரத்தில் கரும்பாலை வைத்திருப்பவள். அவள் வெல்லத்தை அரசர் ஒருமுறை புகழ்ந்துவிட்டதிலிருந்து சூரப்பருக்கு அவளைக் கண்டாலே ஆகாது.

"மகாராஜா, அந்தக் காட்டிலிருந்து இறங்கும் ஓடைத் தண்ணீரில்தான் எங்கள் கரும்பு விளைகிறது. காட்டில் ஒரு குச்சிகூட எடுக்காமல் இவரைவிட அதிகமாக நான் காய்ச்சிக் காட்டுகிறேன்" என்றாள்.

"விறகில்லாமல் எதில் காய்ச்சுவாயம்மா? கோபத்திலா?" என்றார் சூரப்பர்.

"கோபத்தில் காய்ச்சினால் பாகு கசந்துவிடும், ஐயா."

சபை சிரித்தது. அரசருக்குப் போட்டி என்றால் பாயசம் மாதிரி. "பத்து நாள். சூரப்பருக்கு அரண்மனை ஆலை. ஆளுக்குப் பத்து ஜோடி மாடு, வேண்டிய அளவு கரும்பு. சூரப்பர் வென்றால் காடு அவர் கைக்கு. இல்லாவிட்டால் காடு தப்பும். தோற்றால் நீ பாகு காய்ச்சும் உன் கொப்பரைகளை இங்கே வைத்துவிட்டு ஊரைவிட்டே போகவேண்டும். சம்மதமா?"

வேம்பாயி தன் ஊரை நினைத்துப் பார்த்தாள். ஊரில் அவளை நம்பி நாற்பது வீடு இருந்தது. ஆனாலும், "சம்மதம். ஒன்றே ஒன்று கேட்கிறேன். சூரப்பர் ஐயா ஆலையில் வீசி எறியும் கரும்புச் சக்கை எல்லாம் எனக்கு வேண்டும்" என்றாள்.

அந்த நாட்டில் சாறு பிழிந்த சக்கையை ஆற்றில் கொட்டுவதுதான் வழக்கம். சூரப்பர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "குப்பைக்கு உத்தரவு எதற்கு? என் ஆட்களே உன் வாசலில் கொட்டுவார்கள்."

அப்படியே கொட்டினார்கள். முதல் மூன்று நாள் வேம்பாயி அடுப்பே பற்றவைக்கவில்லை. சக்கையை வெயிலில் பரப்பினாள், புரட்டினாள், மறுபடி பரப்பினாள். மாடுகள் நிழலில் அசைபோட்டுக்கொண்டிருந்தன. "அந்த அம்மா தோற்றதற்குத் துக்கம் காக்கிறாள்" என்று சூரப்பர் சபையில் சொல்லி எல்லோரையும் சிரிக்கவைத்தார்.

நான்காம் நாள் வேம்பாயியின் அடுப்பு எரிந்தது. நீளமான அடுப்பு. ஒரே தீ முதல் கொப்பரையில் பாகைக் கொதிக்கவைத்துவிட்டு, போகிற போக்கில் பின்னால் இருந்த கொப்பரையில் அடுத்த சாற்றையும் சூடாக்கியது. பத்து ஜோடி மாடும் ஆலையைச் சுற்றின.

சூரப்பர் ஆலையில் கதை வேறு. விறகு இழுக்க நான்கு ஜோடி மாடு போனதால் ஆலை சுற்ற ஆறுதான். பக்கத்து மரங்கள் தீர்ந்ததும் விறகு வண்டி இன்னும் தூரம் போனது. ஐந்தாம் நாள் ஆறு ஜோடி விறகுக்கு. எட்டாம் நாள் எட்டு ஜோடி. அதிலும் வந்தது பச்சை மரம்.

ஒன்பதாம் நாள் அரசர் பார்வையிட வருகிறார் என்று செய்தி. அடுப்போ அணைகிற நிலை. வேம்பாயி சக்கையை எரிக்கிறாள் என்று கேள்விப்பட்டிருந்த சூரப்பர், "இதென்ன பெரிய வித்தை? அள்ளிப் போடுங்கள்" என்றார். அப்போதுதான் பிழிந்த ஈரச் சக்கையை அடுப்பு நிறையத் திணித்தார்கள்.

தீ படுத்துவிட்டது. எழுந்தது புகை. அந்த நேரம் பார்த்து உள்ளே நுழைந்த அரசர் இருமினார், தும்மினார், கிரீடத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே ஓடினார். கொப்பரையில் பாதி காய்ந்த சாறு புளித்துப்போயிற்று.

சிவந்த கண்களோடு அரசர் வேம்பாயியின் ஆலைக்கு வந்தார். "அவனும் சக்கையைத்தானே எரித்தான்?"

"ஆமாம் மகாராஜா, அதுவும் எனக்குக் கொடுத்த சக்கையை. கேட்டிருந்தால் மூன்று வெயில் பொறுக்கச் சொல்லியிருப்பேன். போன மழைக்காலத்தில் விறகு வண்டி வராதபோது நானும் இப்படித்தான் ஊரையே இருமவைத்தேன். அப்புறம்தான் கற்றுக்கொண்டேன்."

பத்தாம் நாள் அளந்து பார்த்தால் வேம்பாயியின் வெல்லம் சூரப்பருடையதைப்போல் ஒன்றரை மடங்கு. சபை ஆரவாரித்தது. ஆனால் அரசர் அரசராயிற்றே. மதியச் சாப்பாடு முடிந்ததும் அவருக்கு வேறு யோசனை வந்தது.

"சக்கையையும் எரிப்போம், காட்டையும் வெட்டுவோம். நான்கு மடங்கு வெல்லம் கிடைக்குமே?"

சூரப்பர் முகம் மலர்ந்தது. வேம்பாயி கைகூப்பினாள். "கிடைக்கும் மகாராஜா, ஒரு வருஷத்துக்கு. காடு போனால் அடுத்த வருஷம் ஓடை வற்றிவிடும். அதனால் கரும்புக்குத் தண்ணீர் ஊற்றும் பொறுப்பைச் சூரப்பர் ஐயா ஏற்கட்டும். ஒரு கரும்புக்கு நாளுக்கு ஒரு குடம் போதும். எங்கள் ஊரில் மட்டும் மூன்று லட்சம் கரும்பு."

அரசர் திரும்பினார். "ஏற்கிறீரா?"

சூரப்பர் தன் இரண்டு கைகளையும் பார்த்தார். "மகாராஜா, காடு அப்படியே இருக்கட்டும்" என்றார் மெதுவாக.

அரசர் வாய்விட்டுச் சிரித்தார். காட்டில் கோடாலி படக்கூடாது என்றும், நாட்டிலுள்ள ஆலைகளெல்லாம் வேம்பாயியிடம் அடுப்புக் கட்டக் கற்கவேண்டும் என்றும் ஆணை பிறந்தது. இந்த வருஷம் முழுக்கச் சக்கை காயவைக்கும் வேலை சூரப்பருக்கு. எல்லோரும் சாயங்காலம் வரை காத்திருந்தார்கள். ஆணை மாறவில்லை.

தலைகுனிந்து நின்ற சூரப்பரிடம் வேம்பாயி போகிறபோது சொன்னாள்: "காலையில் கொஞ்சம் சீக்கிரம் வாருங்கள் ஐயா. வெயில் ஏறுவதற்குள் பரப்பிவிட வேண்டும்."