எல்லைப் பாலத்தில் நீண்ட கை

சுற்றிலும் ஏழு பாறைகள், நடுவில் ஒரு பள்ளம், அந்தப் பள்ளத்துக்குள் ஏழுபாறைப்பட்டி. செல்போன் சிக்னல் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. அதனால் ஊராட்சி அலுவலகத்தில் அரசாங்கமே ஒரு இணையப் பெட்டியை மாட்டிக் கொடுத்திருந்தது. பச்சை விளக்கு எரிந்தால் ஊரே வாசலில் வந்து உட்கார்ந்து போனைப் பார்க்கும்.

இரண்டாவது வார்டு உறுப்பினர் மாவு மில் வெள்ளைக்கண்ணுவுக்கு அந்த வாரம் கால் தரையில் பாவவில்லை. மகள் வசுமதிக்கு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் இணையதளத்தில் போய் ‘சேர்கிறேன்’ என்று ஒரு பொத்தானை அமுக்க வேண்டும். நேரில் போனால் செல்லாது, கடுதாசி போட்டால் செல்லாது, அமுக்காவிட்டால் இடம் வேறொருவருக்குப் போய்விடும். வியாழக்கிழமை நல்ல நாள், அன்றைக்கு அமுக்கலாம் என்று அவர் நாள் பார்த்து வைத்திருந்தார்.

புதன்கிழமை உத்தரவு வந்தது. மாவட்டத்தின் மறுகோடியில் யார் முதலில் தேர் இழுப்பது என்று இரண்டு தெருக்காரர்கள் அடித்துக்கொண்டார்களாம். அடித்துக்கொண்டவர்கள் பதினாறு பேர். இணையம் போனது பதினாறு லட்சம் பேருக்கு.

மின்னஞ்சலில் வந்ததை அச்செடுத்து, ஊராட்சி எழுத்தர் சந்திரகாசன் எழுந்து நின்று வாசித்தார். மறு உத்தரவு மின்னஞ்சலில் வரும் வரை மாவட்டத்தில் இணையம் இருக்கக் கூடாது. வதந்தியை ஊராட்சிகள் தடுக்க வேண்டும். இதனால் சிரமப்படுவோர் இணையதளத்தில் முறையிடலாம்.

தலைவர் கோட்டைச்சாமி பெட்டியை அணைத்தார். பச்சை விளக்கு அணைந்தது. அத்தோடு விட்டிருந்தால் அது வேறு ஊர்.

தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் போடும் ஒச்சப்பன் மட்டும் தலையைச் சொறிந்தார்.

“தலைவரே, மோட்டாரை நிப்பாட்டினாலும் குழாயில தண்ணி நிக்கும்ல?”

“நிக்கும்.”

“அப்ப பெட்டிக்குள்ள கொஞ்சம் நிக்காதா? இருக்கக் கூடாதுன்னுல்ல போட்டிருக்காக.”

சபைக்கு அது நியாயமாகப் பட்டது. பிறகு பெட்டியைக் கழற்றி, முற்றத்தில் கவிழ்த்துப் பிடித்து, முறை வைத்து ஒரு மணி நேரம் வடிய விட்டார்கள். கீழே ஒரு அண்டா வைத்தார்கள். மறு உத்தரவு வந்ததும் திருப்பி ஊற்ற வேண்டுமே. சொட்டுக்கூட விழவில்லை. ஊர்க்காரர்கள் ஏற்கெனவே எல்லாவற்றையும் உறிஞ்சிவிட்டார்கள் என்று கோட்டைச்சாமி வருத்தப்பட்டார்.

அடுத்தது வதந்தி. சரியா தப்பா என்று தெரியாத சேதிதான் வதந்தி என்று சந்திரகாசன் விளக்கினார். ஆகவே ஊரில் யார் எதைச் சொன்னாலும் ஊராட்சி நேரில் பார்த்து முத்திரை குத்திய பிறகே அடுத்தவர் நம்பலாம் என்று தீர்மானம் போட்டார்கள். வெள்ளைக்கண்ணுவும் கையைத் தூக்கினார்.

வியாழக்கிழமை காலையிலேயே ஒருவன் மூச்சிரைக்க ஓடி வந்து, “தலைவரே, உங்க வைக்கோல் போர் எரியுது” என்றான்.

“முத்திரை இருக்கா?” என்றார் கோட்டைச்சாமி.

இல்லை. இரண்டு உறுப்பினர்களை அனுப்பிப் பார்த்துவரச் சொன்னார். அவர்கள் போய்ப் பார்த்து, மெய்தான் என்று திரும்பி வந்து, சந்திரகாசன் எழுதி முடித்தபோது போர் சாம்பலாகியிருந்தது. இப்போது ‘எரிகிறது’ என்று எழுதினால் அதுவே வதந்தி. அடித்துவிட்டு ‘எரிந்தது’ என்று திருத்தி, முத்திரை குத்தி, தலைவர் கையில் கொடுத்தார்கள். அதன் பிறகுதான் அவர் ஐயோ என்று உட்கார்ந்தார்.

இந்த அமளியில் வெள்ளைக்கண்ணுவின் நல்ல நாள் போய்விட்டது. வெள்ளிக்கிழமை விடிந்ததும் அலுவலகத்துக்கு ஓடினார். மீசையில் அப்பிய மாவைக்கூடத் துடைக்கவில்லை.

“அஞ்சே நிமிசம் பெட்டியைப் போடுங்க தலைவரே. பிள்ளை வாழ்க்கை.”

“எனக்கு மட்டும் ஆசை இல்லையாப்பா? உத்தரவு இருக்குல்ல. சிரமம்னா முறையிடச் சொல்லியிருக்காகளே.”

“எங்க முறையிடுறது?”

“இணையதளத்துல.”

வெள்ளைக்கண்ணு அரசாங்கத்தின் கருணையை நினைத்துக் கொஞ்சம் ஆறுதல் அடைந்தார். பிறகு அழுதார்.

வசுமதிதான் வழி சொன்னாள். ஆறு கிலோமீட்டரில் ஆற்றுப் பாலம். பாலத்தின் நடுவில் எல்லைப் பலகை. அதைத் தாண்டினால் பக்கத்து மாவட்டம், அங்கே நெட் இருக்கிறது. “நான் பஸ்ல போயி அமுக்கிட்டு வந்துடுறேன்ப்பா” என்றாள். கேட்டிருக்கலாம். ஆனால் அவர் வார்டு உறுப்பினர் அல்லவா, சபையில் வைத்தார். பகல் மூன்று மணி வரை விவாதம் நடந்தது.

“விண்ணப்பத்துல எந்த மாவட்டம்னு போட்டிருக்கு?” என்று கேட்டார் சந்திரகாசன்.

“நம்ம மாவட்டம்தான்.”

“அப்ப தாண்டுனா அவ அந்த மாவட்டத்துப் பிள்ளையாயிடுவா. சீட்டு செல்லாது.”

கடைசியில் ஒரு முடிவுக்கு வந்து எல்லோரும் பாலத்துக்குப் போனார்கள். வசுமதி பலகைக்கு இந்தப் பக்கம் நின்றாள். வெள்ளைக்கண்ணு அவள் இடது கையை இறுகப் பிடித்துக்கொண்டார். அவர் இடுப்பை ஒச்சப்பன் பிடித்தார், ஒச்சப்பனைத் தலைவர் பிடித்தார். வசுமதி போனும் வலது கையுமாகப் பலகையைத் தாண்டிச் சாய்ந்தாள். ஐந்தாக நாலு நிமிடம் இருக்கும்போது கட்டை விரலால் அமுக்கினாள். சேர்ந்தாயிற்று என்று பதில் வந்தது. வெள்ளைக்கண்ணு பாலத்திலேயே உட்கார்ந்து விம்மினார்.

ஊருக்குத் திரும்பி நாலு பேரிடம் சொல்லலாம் என்றால் முத்திரை இல்லை. இணையதளத்தில் பார்த்தால்தான் முத்திரை. மகள் துணிப்பெட்டியோடு கல்லூரிக்குப் பஸ் ஏறியபோதுகூட, எங்கே போகிறாள் என்று கேட்டவர்களிடம் அந்த மனிதர் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். பாவமாகத்தான் இருந்தது.

மூன்று வாரம் கழித்து மேலதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்து இறங்கினார்.

“நெட் விட்டு இருபது நாளாச்சு. உங்க பெட்டி மட்டும் ஏன்யா இருட்டா இருக்கு?”

“மறு உத்தரவு வரலைங்கய்யா.”

“மெயில் போட்டாச்சுய்யா.”

“பெட்டியைப் போட்டாத்தானுங்கய்யா மெயில் தெரியும். மெயிலைப் பாத்தாத்தானே பெட்டியைப் போட முடியும்.”

“நான் சொல்றேன், போடு.”

சந்திரகாசன் பணிவாகச் சொன்னார்: “முத்திரை இல்லாமச் சொன்னா அதுக்குப் பேரு வதந்திங்கய்யா. உங்க உத்தரவுதான்.”

அதிகாரி சொல்வது மெய்யாக இருக்க வேண்டும் என்று வெள்ளைக்கண்ணு உள்ளுக்குள் தவித்தார். பெட்டியில் விளக்கு எரிந்தால் மகள் சேதிக்கு முத்திரை கிடைக்கும். “பாலத்துக்குக் கூட்டிட்டுப் போவமா?” என்றார். அடுத்த அரை மணியில் அதிகாரியின் இடுப்பை ஐந்து பேர் பிடித்திருந்தார்கள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு கையைப் பலகைக்கு அந்தப் பக்கம் நீட்டி, போனில் உத்தரவைக் காட்டினார். சந்திரகாசன் எட்டிப் பார்த்து ஒவ்வொரு வரியாக வாசித்தார். எல்லோருக்கும் பரம திருப்தி.

“உத்தரவு சரியாத்தான் இருக்கு” என்றார் கோட்டைச்சாமி. “ஆனா இது அந்த மாவட்டத்துல வந்து எறங்கியிருக்கு. நமக்கு வரட்டும், போட்டுருவோம்.”

அதிகாரி ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். வெள்ளைக்கண்ணு தலைவர் கையைப் பிடித்துக்கொண்டார். “அப்ப என் மக சீட்டும் அந்த மாவட்டத்துலதான எறங்கியிருக்கு?” என்றார். சபை அங்கேயே பாலத்தில் கூடி யோசித்தது. எல்லையைத் தாண்டி நின்று சீட்டு வாங்கியது எதுவோ அதற்குத்தான் சீட்டு என்று முடிவானது. போனைப் பிடித்து அமுக்கியதைத்தான் எல்லோரும் கண்ணால் பார்த்தார்களே. அதற்கு முத்திரையும் கிடைத்தது. வெள்ளைக்கண்ணு அதை மில்லில் சட்டம் போட்டு மாட்டினார்.

பொங்கல் விடுமுறைக்கு வசுமதி வந்திருந்தபோது ஒச்சப்பன் மோட்டார் ரூமில் காலைக் கிழித்துக்கொண்டார். அவள் மருந்தும் துணியும் எடுத்துக்கொண்டு ஓடிவந்து கட்டுப் போட உட்கார்ந்தாள். துணியைச் சுற்ற இடது கையையும் கொண்டுவந்தாள். வெள்ளைக்கண்ணு பாய்ந்து அந்தக் கையைப் பிடித்து, பாலத்தில் பிடித்த மாதிரியே பின்னால் இழுத்துக்கொண்டார்.

“விடுங்கப்பா, ரத்தம் போகுது.”

“பொறு தாயி” என்றார் அவர், பெருமையும் பொறுப்புமாக. “உன் வலது கைதான் நர்சிங் படிக்குது. இடது கை இன்னும் பிளஸ் டூதான்.”