புதுக் கம்ப்யூட்டருக்கு வைத்த பொட்டு

சிவசைலத்துக்கு அறுபத்தேழு வயது. அவருடைய குருவுக்கு முப்பத்தொன்று.

தென்காசி சந்தைக்குப் பின்னால் ஒரு மாடியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் சொல்லிக்கொடுக்கும் ஜெசிந்தா டீச்சர்தான் அந்தக் குரு. அங்கே மூன்று மாதம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து படித்தார் சிவசைலம். நாலாவது மாதம் பாகங்களை வாங்கிவந்து, வீட்டிலேயே ஒரு கம்ப்யூட்டரைத் தன் கையால் பூட்டி முடித்தார்.

சுவிட்சைப் போட்டார். விசிறி சுற்றியது. விளக்கு எரிந்தது. திரையில் மட்டும் ஒன்றும் வரவில்லை.

இரண்டு நாள் மல்லுக்கட்டினார். மூன்றாம் நாள் காலை டீச்சரை வீட்டுக்கு அழைத்துவந்தார்.

டீச்சர் திரையின் ஒயரைக் கழற்றி மாட்டினார். வேறு ஒயர் போட்டுப் பார்த்தார். இருட்டு அப்படியே இருந்தது.

"அண்ணாச்சி, பழைய கம்ப்யூட்டர் டிஸ்க்கைக் கொண்டாங்க, என் மிஷின்ல மாட்டி அஞ்சு நிமிஷத்துல போட்டுக் காட்டுறேன்னு அன்னைக்கே சொன்னேன். கேட்டீங்களா?"

"அவ பேசினது இந்த மூலையில. இங்கதான் கேக்கணும் டீச்சர்."

பழுதான பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றி, இந்தப் புதுப் பெட்டிக்குள் மாட்டியிருந்த அந்த டிஸ்க்கில் அவர் மனைவி கோமளத்தின் குரல் இருந்தது. மகள் பிரசவத்துக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள், வற்றல் குழம்பு வைக்கும் விதத்தை அவருக்காகப் பேசிப் பதிந்துவைத்தாள். போட்டுக் கேட்காமலே இரண்டு மாதம் மெஸ்ஸில் சாப்பிட்டார் அவர். கோமளம் திரும்பிவந்து, "கேட்டீங்களா?" என்றதற்கு, "ம்" என்றார்.

அவள் காலமாகி இப்போது இரண்டு வருடம்.

"பேசிக்கிட்டு இருந்தவ, நடுவுல என்னைக் கூப்பிட்டு என்னமோ கேட்டா," என்றார். "நான் பேப்பரை இறக்கலை. என்ன கேட்டான்னு தெரியணும். அவ்வளவுதான்."

டீச்சர் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, பெட்டியின் பக்கக் கதவைத் திறந்தார். திறந்தவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

உள்ளே பார்த்த இடமெல்லாம் சந்தனம். அதன்மேல் குங்குமம்.

"என்ன அண்ணாச்சி இது, கல்யாண வீடு மாதிரி?"

"வீட்டுக்கு எது புதுசா வந்தாலும் அவ வைப்பா. குக்கருக்குக்கூட வெச்சிருக்கா. இப்ப நான்தானே வைக்கணும்?"

"விசிறிக்குமா?"

"வெச்சேன். சுத்தும்போது தெரியலை."

டீச்சர் ரேம் பட்டையை மெதுவாக உருவினார். சீப்பைப் போல் நீளமான பட்டை. அதன் ஓரத்தில் தங்க நிறத்தில் வரிசையாகப் பற்கள். மிஷினுக்கும் பட்டைக்கும் பேச்சு அந்தப் பற்கள் வழியாகத்தான். அவற்றின்மேல் சந்தனம் காய்ந்து அப்பியிருந்தது.

"இங்க ஏன் வெச்சீங்க?"

"முகத்துலதானே பொட்டு வைக்கணும்? எது முகம்னு தெரியலை. மின்னுற பக்கம்தான் முகம்னு நெனைச்சேன்."

டீச்சர் பையிலிருந்து பென்சில் அழிக்கிற ரப்பரை எடுத்தார். சிவசைலம் சட்டென்று கையை நீட்டி மறித்தார்.

"அழிக்கவா போறீங்க?"

"ஆமா."

"அவ ஞாபகமா வெச்சது டீச்சர். ஒரு இடம் விடாம வெச்சேன். அப்புறமும் ஏன் அவ வரமாட்டேங்கா?"

"அவங்க வர்ற வழியிலயும் வெச்சிட்டீங்களே அண்ணாச்சி."

ரப்பரை அவர் உள்ளங்கையில் வைத்தார் டீச்சர்.

சிவசைலம் பட்டையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு தேய்க்க ஆரம்பித்தார். சிவந்த தூள் வேட்டியில் உதிர்ந்தது. அவர் அதைத் தட்டிவிடவில்லை. டீச்சர் பட்டை பூட்டும் பள்ளத்தைத் தூரிகையால் துடைத்துக் கொடுத்தார். பெட்டியின் வெளியே இருந்த பொட்டை இருவரும் தொடவில்லை.

பட்டை 'டக்'கென்று உட்கார்ந்தது. சுவிட்சைப் போட்டார். திரை வெளுத்தது.

கோமளத்தின் குரல் வந்தது. புளி ஊறவேண்டும் என்றது. சுண்டைக்காயைக் கருகவிடாதீர்கள் என்றது. பிறகு சற்றுத் தள்ளிப்போய், உரக்கக் கூப்பிட்டது.

"ஏங்க, இது ஓடுதான்னு கொஞ்சம் வந்து பாருங்களேன்."

பேப்பர் புரளும் சத்தம் கேட்டது. வேறொன்றும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவள் குரல் பெருங்காயத்துக்குப் போனது.

சிவசைலம் அதை நிறுத்தினார்.

"இவ்வளவுதானா டீச்சர்? இதையா கேட்டா?"

டீச்சர் வாசலில் நின்று செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

"வந்து பாத்தாச்சுல்ல. அவங்களுக்குப் பதில் சொல்லுங்க அண்ணாச்சி."