வீயிநாதன் கேட்ட மந்திரம்

வாய்ப்புண் உடல் சூட்டினால் வருகிறது என்று தமிழ் பேசும் உலகம் முழுவதும் நம்பப்படுகிறது. இந்த நம்பிக்கையின் பேரில் ஆண்டுதோறும் ஏராளமான இளநீர் வெட்டப்படுகிறது. ஏராளமான தலைகளில் விளக்கெண்ணெய் வைக்கப்படுகிறது.

நம்பிக்கை தவறு. பல சமயம் உடம்பில் ரைபோஃப்ளேவின் மாதிரி ஏதோ ஒரு சத்து குறைந்திருக்கும். அவ்வளவுதான்.

இளநீர்க் கடைக்காரர்கள் மன்னிக்க வேண்டும்.

சொற்பொழிவாளர் வீழிநாதனும் இளநீர் குடித்துப் பார்த்தவர்தான். ஊர் திருவீழிமிழலை, வயது ஐம்பத்தெட்டு. அவருடைய ழகரத்தைக் கேட்பதற்கென்றே கூட்டம் வரும். நாக்கு நுனி மடங்கி அண்ணத்தை வருடினால்தான் ழகரம். அந்த நுனியில் புண் வந்து மூன்று மாதமாகியிருந்தது. ழகரம் யகரமாகிவிட்டது.

இன்னும் நாற்பத்திரண்டு நாளில் சீர்காழி விழாவில் பேச வேண்டும். அவர் வராவிட்டால் பேசுவதற்குப் பரிமளரங்கன் தயாராக இருந்தார். பரிமளரங்கனுக்கு ழகரமும் ளகரமும் ஒன்று.

கொள்ளிடக் கரையில் தாழைமேடு என்ற இடத்தில் ஓர் அம்மா சின்ன மடம் வைத்திருக்கிறார், வாக்குக்கு மந்திரம் தருவார் என்றார்கள். பேருந்து ஏறினார். எங்கே போக வேண்டும் என்று நடத்துநர் மூன்று தடவை கேட்டார். கடைசியில் உள்ளங்கையில் எழுதிக் காட்ட வேண்டியிருந்தது.

அம்மாவின் பெயர் உலகநாயகி. வயது முப்பத்தாறு. மகா கோபக்காரி.

"மந்திரம் வேணும்" என்றார் வீழிநாதன்.

"பேரு?"

"வீயிநாதன்."

அம்மா நோட்டில் எழுதிக்கொண்டார். வீயிநாதன்.

"நாக்கை நீட்டுங்க."

நீட்டினார். அம்மா பார்த்தார். ஒரு கூடையைக் கொடுத்தார்.

"பின்னால வேலியோரம் மணத்தக்காளி தானா மண்டிக் கெடக்கு. பறிச்சுட்டு வாங்க."

"மந்திரம்?"

"முதல்ல கீரை."

மூன்றாம் நாள் சமையலும் அவர் தலையில் விழுந்தது. பறித்த கீரையை வெயிலில் பரப்பி வைத்துவிட்டு ஒரு தூக்கம் போட்டார். பிறகு வேகவைத்தார். வெந்த தண்ணீரை முற்றத்துத் தென்னை மரத்தடியில் கொட்டினார்.

சமையற்கட்டில் ஒரு கரண்டி பறந்து வந்து சுவரில் மோதியது.

"எதைக் கொட்டினீங்க?"

"தண்ணிதானம்மா."

"அதுல என்ன இருந்துச்சு?"

"பச்சையா இருந்துச்சு."

"ரைபோஃப்ளேவின் இருந்துச்சு! வெயில்ல பாதி போச்சு, மிச்சம் தண்ணியில கரைஞ்சுது, அதையும் தென்னை மரத்துக்கு ஊத்தியாச்சு. தென்னை மரத்துக்கா வாய்ப்புண்ணு?"

வீழிநாதன் கைகூப்பினார். "அது எந்த மொழி மந்திரம்மா?"

இரண்டாவது கரண்டியும் பறந்தது.

அன்றிலிருந்து அவர் பேசுவதை நிறுத்திவிட்டார். மந்திரம் தரும்வரை மௌனம் என்று சிலேட்டில் எழுதிக் காட்டினார். அவசரத்தில் மௌனத்தின் கொம்பு விட்டுப்போயிற்று. அம்மா சிலேட்டை வாங்கிக் கொம்பைப் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

மணத்தக்காளிக் கூட்டு. மணத்தக்காளிக் கடையல். கீரை வெந்த தண்ணீரில் ரசம். மறுபடி கூட்டு.

சமையல் மறுபடி சமையல்காரி தனபாக்கியத்தின் கைக்குப் போயிற்று. அவள் தினமும் கூப்பிடுவாள்: "வீயி சார், சாப்பாடு!"

அவர் பல்லைக் கடித்துக்கொண்டு போவார். வாயைத் திறந்து திருத்தினால் மௌனம் கலையும். திருத்தினாலும் வீயி என்றுதான் வரும்.

முப்பதாம் நாள் சிலேட்டில் எழுதினார்: ரசத்தில் காரம் போதவில்லை.

தனபாக்கியம் அதை அம்மாவிடம் காட்டினாள். அம்மா இரண்டு மிளகாய் கூடப் போடச் சொன்னார்.

நாற்பத்தோராம் நாள் பகல் மூன்று மணி. வீழிநாதன் பையோடு வந்து நின்றார். சீர்காழிக்குப் போய், மேடையைப் பரிமளரங்கனுக்கே கொடுத்துவிடுங்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போவதாக முடிவு.

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"கெளம்பியாச்சா, வீயிநாதன் ஐயா?"

சிலேட்டு தரையில் விழுந்து இரண்டாக உடைந்தது.

"நாற்பது நாளா வீயி, வீயி! என்ன அழிச்சாட்டியம் இது! வழி கேட்டு வந்தவனுக்குத் தழையைப் போட்டீங்க. ஆடா நான்? ஏழு கூட்டு, ஏழு கடையல், கொழகொழன்னு! நாளைக்கு சீர்காழியில அந்தப் பரிமளரங்கன் தமிழைக் கொல்லப்போறான், அந்தப் பழி உங்க தலையிலதான் விழும்! இந்தக் கீரையும் ஒழிய, இந்தப் பாழாப்போன மடமும் ஒழிய! என் பேரு வீயி இல்லை. வீழி! திருவீழிமிழலை வீழிநாதன்!"

சமையற்கட்டில் தனபாக்கியம் தாளிப்பதை நிறுத்தினாள்.

அம்மா நோட்டை எடுத்தார். பக்கத்தைத் தேடினார். பேனா மூடியைக் கழற்றினார். அவருக்கும் கோபம் வந்துவிட்டது.

"இதை வந்த அன்னைக்கே ஒழுங்காச் சொல்றதுக்கு என்ன? நோட்டை அடிச்சுத் திருத்த வேண்டியிருக்கு. எந்த லி போடணும்?"

"எந்த லியும் இல்லை, சிறப்பு ழகரம்! நாக்கு நுனி அண்ணத்தை..."

வீழிநாதன் நிறுத்தினார்.

வாய் திறந்தபடி இருந்தது. நாக்கு நுனி மெல்ல மேலே போயிற்று. அண்ணத்தைத் தொட்டது. அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது.

அம்மா திருத்தி எழுதிவிட்டு நோட்டை மூடினார். அடுத்த கீரைக்கட்டை எடுத்தார்.

"நாலரைக்கு பஸ்ஸு" என்றார்.

நாலரைப் பேருந்தில் நடத்துநர் அவரிடம் வந்து எங்கே போக வேண்டும் என்று கேட்டார்.

ஒரு தடவைதான் கேட்டார்.