பொன்னிடையின் பெரிய வட்டம்

ஆறுகளுக்கு யாரும் பெயர் வைத்திராத காலம் அது. அப்படி ஓர் ஆற்றங்கரை மணலில் பொன்னிடை என்றொரு குளவி வளை தோண்டி, அதற்குள் தன் ஒரே குஞ்சை வைத்து வளர்த்துவந்தாள்.

குளவிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு, கேளுங்கள். இரை தேடப் போகுமுன் வாசலை மணலால் மூடிவிடுவார்கள். பிறகு வளையைப் பார்த்தபடியே சிறிய வட்டம், பெரிய வட்டம், அதைவிடப் பெரிய வட்டம் என்று சுற்றி, கண்ணில் பட்டதையெல்லாம் மனத்தில் பதித்துக்கொண்டுதான் கிளம்புவார்கள். பொன்னிடையும் முதல் நாள் அப்படித்தான் செய்தாள். அப்புறம் சோம்பல் வந்துவிட்டது. வாசலைச் சுற்றி மூன்று கூழாங்கற்கள் கிடந்தன. இது போதாதா என்று சிறிய வட்டத்தோடு நிறுத்திக்கொண்டாள்.

தலையாட்டி என்ற ஓணான் இதைக் கவனித்தான். அவள் போனதும் கற்களை உருட்டிச் சென்று, சற்றுத் தள்ளி அதேபோல் வைத்தான்.

பொன்னிடை ஒரு பச்சைப் புழுவோடு வந்தாள். கற்களுக்கு நடுவே புழுவை வைத்துவிட்டுத் தோண்டினாள். வளை இல்லை. திரும்பிப் பார்த்தால் புழுவும் இல்லை.

இரண்டாம் புழுவும் அப்படியே போயிற்று. குஞ்சு பட்டினி கிடக்கிறதே என்று பெற்றவள் தவித்தாள்.

"என்ன தங்கச்சி, வீடு தொலைஞ்சுபோச்சா? இன்னும் ஆழமாத் தோண்டு, அங்கதான் இருக்கும்" என்று தலையை ஆட்டினான் ஓணான்.

மூன்றாம் புழுவோடு வந்தவள் இறங்கவில்லை. இரண்டு தரம் ஏமாந்த இடத்தில் மறுபடி ஏன் இறங்க வேண்டும் என்று மேலே எழும்பினாள். முதல் நாள் சுற்றிய பெரிய வட்டம் நினைவுக்கு வந்தது. அன்று வாசலுக்கு மேலே பறந்தபோது நாணல் புதர், ஒற்றைப் பனை, மலை முகடு மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக நேரே தெரிந்தன. இன்று கற்களுக்கு மேலே பறந்தால் மூன்றும் விலகித் தெரிந்தன. கல்லை உருட்டலாம், மலையை யார் உருட்டுவது?

அவை மூன்றும் ஒரே நேராக வரும்வரை பக்கவாட்டில் நகர்ந்தாள். அங்கே இறங்கித் தோண்டினாள். வாசல் திறந்தது. புழுவை உள்ளே இழுத்துப் போனாள். குஞ்சு வயிறாரத் தின்றது. பொன்னிடைக்கு உயிர் திரும்பி வந்தது போலிருந்தது.

தலையாட்டியோ கற்களை விட்டுக் கண்ணை எடுக்காமல், புழு வரும் வரும் என்று பொழுது சாயும்வரை காத்திருந்தான்.

"அண்ணே, கல்லைப் பத்திரமாப் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு, மறுநாளிலிருந்து பெரிய வட்டம் சுற்றியே கிளம்பினாள் பொன்னிடை.

அருகில் இருப்பதை மட்டும் நம்புகிறவர் எளிதில் ஏமாறுவார். தொலைவையும் பார்த்து வைத்தவர் வீடு வந்து சேருவார்.